அளவு நாடா

எங்கள் வீட்டு மர அலமாரியின் மேல்தட்டில், பழைய பிஸ்கட் டப்பா ஒன்றுக்குள், மஞ்சள் நிறத் தையல் நாடா ஒன்று சுருண்டு கிடக்கும். அறுபது அங்குல நீளம். இரு முனைகளிலும் பித்தளைத் தகடு. எண்கள் பாதி தேய்ந்துவிட்டன. எங்கள் அம்மா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, தெருவிலிருந்த பெண்களுக்கு ரவிக்கையும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடையும் தைத்த காலத்து நாடா அது. எங்களில் ஒருவருக்கு அவர் பெற்ற தாய், மற்றவருக்கு மாமியார். ஒரே கூரையின்கீழ் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தபின் அந்த வேறுபாடு எங்களுக்கே மறந்துபோயிற்று.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், அம்மா உறங்கும் நேரம் பார்த்து, அந்த நாடாவை நாங்கள் வெளியே எடுத்தோம். துணி அளப்பதற்காக எடுக்கவில்லை. தெருவை அளப்பதற்காக எடுத்தோம். அறுபதைக் கடந்த வயதில், வாழ்வில் முதன்முறையாக ஒரு கார் வாங்க எண்ணியிருந்தோம்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்குக் கார் புதிய பொருளாக இராது. எங்கள் குடும்பமோ ஸ்கூட்டர் குடும்பம். எங்கள் இளமையில் கார் என்பது வேறு யாருடைய வாசலிலோ நிற்கும் பொருள். சென்னையை அடுத்து ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் வெளியிட்ட ஹெரால்டு கார் ஒன்று எங்கள் தெருமுனை மருத்துவரிடம் இருந்தது. இரண்டே கதவுகள், பின்னால் ஏறுவோர் முன்னிருக்கையை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோது நடுத்தரக் குடும்பங்களில் ஓர் ஆசை துளிர்த்தது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் உண்டு. நாங்கள் பதிவு செய்யவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்ற செய்தியைப் படித்தபோது, எட்டாத ஒன்று தானாகவே விலகிச் சென்றதைப் போன்ற அமைதியே எங்களுக்கு உண்டாயிற்று.

பிறகு ஏன் இந்த வயதில் கார்?

2024 ஜூலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை மருத்துவம் செய்து செயற்கை மூட்டுப் பொருத்தினார்கள். எண்பத்தைந்து வயதில் எழுந்து நடப்பாரோ என்று அஞ்சினோம். மூன்றே மாதங்களில் நான்கு கால் ஊன்றுகோலுடன் கூடத்திலிருந்து அடுக்களைவரை நடந்து வந்தார். மருத்துவர் விதித்த கட்டுப்பாடு ஒன்று மட்டும் எங்கள் நினைவில் ஆணி அடித்தாற்போல் நின்றது: இடுப்பு, செங்கோணத்திற்கு மேல் மடங்கக் கூடாது, உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கக் கூடாது. எனவே வீட்டில் எல்லாம் உயர்ந்தன. கட்டிலின் கால்களுக்கு மரக்கட்டைகள் கொடுத்தோம். நாற்காலியின்மேல் மெத்தை வைத்தோம்.

வீட்டை உயர்த்திவிட்டோம், ஊரை உயர்த்த முடியவில்லை. ஆட்டோவில் ஏறும் படி உயரம், கூரையோ தாழ்வு, குலுக்கலைச் சொல்ல வேண்டியதில்லை. வாடகைக் காரை அழைத்தால் எந்தக் கார் வரும் என்பது வந்து நின்ற பிறகே தெரியும். இருமுறை மிகத் தாழ்வான கார்கள் வந்தன. கூலியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். மூன்றாம் முறை வந்தவர் அம்மாவின் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு, “நேரம் ஆகும்மா, வேற வண்டி பாத்துக்கோங்க” என்று சொல்லிச் சென்றுவிட்டார். அவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. அவருடைய நாள், நிமிடங்களால் அளக்கப்படுகின்றது. ஆனால் அதற்குப்பின் அம்மா வெளியே செல்வது பற்றிப் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். மருத்துவமனை, வீடு, வீடு, மருத்துவமனை. பதினான்கு மாதங்கள் அவ்வாறே கழிந்தன.

இராயபுரத்தில் அம்மாவின் தங்கை இருக்கிறார், எங்களுக்குச் சின்னம்மா. எண்பத்தொரு வயது. எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு இருவரும் தொலைபேசியில் பேசுவார்கள். இருவருக்கும் காது மந்தம். தெருவே கேட்கும்படி ஒருவரையொருவர் நலம் விசாரிப்பார்கள். ஒரு நாள் பேசி முடித்த அம்மா, தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, “நேர்ல பாத்தா இவ்ளோ கத்த வேண்டியதில்ல” என்றார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். அன்றிரவு எங்கள் இருவருக்கும் உறக்கம் வரவில்லை.

*

முதலில் கணக்குப் போட்டோம். மாதத்தில் எட்டு முறை வெளியே செல்வதாக வைத்துக்கொண்டாலும், காரின் விலை, காப்பீடு, பராமரிப்பு, எரிபொருள் யாவற்றையும் கூட்டினால் வாடகைக் காரே மலிவு. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கார் வாங்குவதால் பணம் மிச்சமாகும் என்று நகரவாசி ஒருவர் தம்மைத் தேற்றிக்கொள்வாரானால், அவர் காகிதத்தில் கூட்டிப் பார்க்கவில்லை என்றே பொருள். நாங்கள் கூட்டிப் பார்த்தோம். தொகை எங்களுக்கு எதிராகவே வந்தது. எனினும் ஊன்றுகோலைப் பார்த்துத் திரும்பிப் போகாத ஒரு வண்டிக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஓய்வுபெற்றபோது வந்த தொகையில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கினோம்.

அடுத்து உறவினர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஓர் ஆலோசனை இருந்தது. “இவ்வளவு பணம் போட்டு இவ்வளவு சின்ன வண்டியா? கொஞ்சம் சேர்த்துப் போட்டால் உயரமான, பெரிய வண்டியே எடுக்கலாமே மாமா, அதுவும் நாலு மீட்டருக்குள்ளதான் இருக்கு” என்றான் அண்ணன் மகன்.

அவன் சொன்ன நான்கு மீட்டர்க் கணக்கைச் சற்று விளக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் சிறிய எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது. அன்றிலிருந்து நம் நாட்டில் ‘சிறிய கார்’ என்பதன் எல்லையை நிறுவனங்கள் நான்கு மீட்டரில் நிறுத்திக்கொண்டன. 3,995 மில்லிமீட்டரில் வந்து நிற்கும் கார்கள் பல. சட்டத்தின் வாசலில் ஐந்து மில்லிமீட்டர் விட்டு நிற்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல், 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் உள்ள கார்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. எங்களைப் போன்றோர்க்கு அது பேருதவி.

ஆனால் சட்டம் நீளத்தைத்தான் அளந்தது, அகலத்தை அளக்கவில்லை. தெருவில் இடைஞ்சல் செய்வதோ அகலம். ஆல்ட்டோ கே10 காரின் அகலம் 1,490 மில்லிமீட்டர். வேகன்-ஆர் 1,620. டியாகோ 1,677. நான்கு மீட்டருக்குள் அடங்கும் உயரமான பெருங்கார்களில் பிரெஸ்ஸாவோ 1,790. நீளத்தை மட்டும் பார்த்தால் இவை நான்கும் சிறியவை.

இங்கேதான் அம்மாவின் நாடா வெளியே வந்தது. சாந்தோமுக்கும் மயிலாப்பூருக்கும் இடையிலுள்ள எங்கள் தெரு பதினான்கு அடி. இருபுறமும் இருசக்கர வண்டிகளை நிறுத்தியபின் நடுவில் எஞ்சுவது எட்டடி. பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்துப் பார்த்தால், பெருங்கார் சென்றபின் ஓரடிக்குச் சற்றே மேல்தான் மீதம். எதிரே பையுடன் வருபவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும்; தெருமுனையில் பூ விற்கும் பெண் தம் கூடையை எடுத்துவிட வேண்டும். சிறிய காருக்கு அவர் எழுந்திருக்க வேண்டியதில்லை. அதன்பின் முன்வாசலை அளந்தோம். கேட்டிலிருந்து வாசற்படிவரை பதின்மூன்றரை அடி. நான்கு மீட்டர்க் காரை நிறுத்தினால் ஐந்தங்குலம்கூட மிஞ்சாது. பின்கதவைத் திறக்கவே கேட்டையும் திறக்க வேண்டும். 3,655 மில்லிமீட்டர்க் காரை நிறுத்தினால் ஒன்றரை அடி கிடைக்கும்.

இந்த நாடாவைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றபோது எங்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. உலகில் சிறந்த சிறு கார்கள் யாவும் இவ்வாறே, ஒரு நெருக்கடிக்குள்ளோ ஒரு நெருக்கத்திற்குள்ளோ வெட்டித் தைக்கப்பட்டவை. 1956-இல் சூயஸ் கால்வாய்ச் சிக்கலால் இங்கிலாந்தில் பெட்ரோல் பங்கீடு வந்தது. அதன் விளைவாக அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி 1959-இல் பிறந்தது. பத்தே அடி நீளம். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, மிச்சமான இடத்தையெல்லாம் மனிதர்க்குக் கொடுத்தார் அவர். இத்தாலியின் குறுகிய வீதிகளில் 1957 முதல் ஃபியட் 500 ஓடிற்று. நீளம் 3.4 மீட்டருக்கும் அகலம் 1.48 மீட்டருக்கும் மிகாத கார்களை ஜப்பான் தனி இனமாகவே வைத்து, வரிச் சலுகை கொடுத்து வளர்க்கின்றது. நம் மாருதி 800 அந்த மரபில் வந்ததே. வேகன்-ஆர் காரும் 1993-இல் ஜப்பானில் அவ்வினத்திலேயே பிறந்தது. இங்கு ஓடுவது அதனினும் சற்று அகன்றது. தெருதான் காருக்கு அளவு கொடுக்க வேண்டும். காருக்காகத் தெரு ஒதுங்க வேண்டுமென்பது முறையன்று.

*

செப்டம்பர் முழுவதும் கார்க் கடைகளில் ஏறி இறங்கினோம். அம்மாவிடம் சொல்லவில்லை. திடீரென்று வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி அவரை மகிழ்விக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அவர் பின்னிருக்கையில்தான் அமர்வார் என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை. முதியோர்க்குரிய இடம் அதுவன்றோ! ஆதலால் ஒவ்வொரு காரிலும் பின்கதவையே திறந்து பார்த்தோம். கதவு எவ்வளவு விரிகின்றது, இருக்கை எவ்வளவு உயரம், தலை இடிக்குமா, முன்னிருக்கைக்கும் முழங்காலுக்கும் இடையே எத்தனை அங்குலம் என்பவற்றை நாடாவால் அளந்து ஒரு நோட்டில் எழுதினோம். விற்பனையாளர்கள் விலையைச் சொல்லத் தொடங்குமுன்பே நாங்கள் மண்டியிட்டு அளக்கத் தொடங்கிவிடுவோம். அவர்கள் புன்னகை செய்தார்கள்.

அந்த நோட்டில் எழுதியவற்றுள் சில, உங்களுக்கும் பயன்படக் கூடும்.

நகரத்தில் ஓட்டுகிறவரைக் களைப்படையச் செய்வது வேகமன்று, கிளட்ச் மிதி. மந்தைவெளியிலிருந்து ராயப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் அதை எத்தனை முறை மிதிக்கிறோம் என்பதை இடது முழங்கால் எண்ணி வைத்திருக்கும். கிளட்சையும் கியரையும் இயந்திரமே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. முறை, 2014-இல் செலெரியோ கார் வழியாக நம் நாட்டுச் சிறு கார்களுக்குள் வந்தது. கியர் மாறும்போது சிறு தயக்கமும் ஒரு மெல்லிய தள்ளலும் தெரியும். ஆயினும் விலை உயர்ந்த தானியங்கி முறைகளைவிட இது மலிவு. எங்கள் முழங்கால்களுக்கு இதுவே போதும் என்று முடிவு செய்தோம்.

எரிவாயுவில் ஓடும் கார்களுக்குச் செலவு குறைவு. ஆனால் பலவற்றில் எரிவாயு உருளை பின்பக்கப் பெட்டியறையை நிறைத்துக்கொள்கின்றது. மடக்கு சக்கர நாற்காலியை எங்கே வைப்பது? மின்சாரக் கார்களையும் பார்த்தோம். 2023-இல் வந்த காமெட் மூன்று மீட்டருக்கும் குறைந்த நீளம், பார்க்கவே அழகு. ஆனால் இரண்டே கதவுகள். அன்றைய ஹெரால்டைப் போலவே பின்னால் ஏறக் குனிந்து நுழைய வேண்டும். மிகச் சிறிய கார் எல்லோர்க்கும் எளிய கார் ஆகிவிடாது என்று கற்றுக்கொண்டோம். நான்கு கதவுகள் கொண்ட மின்சாரக் கார்கள் உண்டு. எனினும் மழைக்காலத்தில் முழங்காலளவு நீர் தேங்கும் எங்கள் முன்வாசலில் மின்னேற்ற இணைப்புத் தர மின்பணியாளர் தயங்கினார்.

மழை என்றதும் சென்னைவாசிகளுக்கு 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் நினைவுக்கு வரும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனே வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தியவர்களை நாம் கண்டோம். ஆகவே தரைக்கும் காரின் அடிப்பாகத்திற்கும் இடையிலுள்ள உயரத்தையும் கேட்டறிந்தோம். அதைவிடப் பயனுள்ள பாடம் ஒன்றைப் பழைய மெக்கானிக் ஒருவர் சொன்னார். சக்கரத்தின் பாதிக்கு மேல் நீர் நின்றால் இறங்கக் கூடாது. மீறி இறங்கி எஞ்சின் நின்றுவிட்டால், மீண்டும் முடுக்கவே கூடாது. காற்றைப்போல நீர் அமுங்காது. எஞ்சினுக்குள் நீர் புகுந்த நிலையில் முடுக்கினால் உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு வருவதே அறிவுடைமை.

இனி, பாதுகாப்பு. கோயம்புத்தூரிலிருக்கும் எங்கள் மகள் இதிலேதான் நின்றாள். “சின்ன வண்டின்னா பயமா இருக்குப்பா” என்றாள். அவள் அச்சத்திற்குக் காரணம் உண்டு. 2014 ஜனவரியில், நம் நாட்டில் புகழ்பெற்றிருந்த ஐந்து சிறு கார்களின் அடிப்படை வகைகளைக் குளோபல் என்கேப் அமைப்பு மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துமே ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அதற்குப்பின் நிலைமை மாறிற்று. பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் காற்றுப்பையும் கட்டாயமாயின. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை நடைமுறைக்கு வந்தது. எனினும் எங்கள் நாடாவுக்குப் பொருந்திய வேகன்-ஆர், 2023 ஏப்ரலில் நடந்த குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் பெற்றது. 2025-இல் அதில் ஆறு காற்றுப்பைகள் பொருத்தப்பட்டன. கூண்டின் வலிமை வேறு, பைகளின் எண்ணிக்கை வேறு என்பதையும் மகளே எடுத்துச் சொன்னாள். அதிக நட்சத்திரம் பெற்ற வேறொரு காரில் இருக்கை தாழ்ந்திருந்தது. ஒரு பக்கம் என்றோ நேரக்கூடிய மோதல். மறுபக்கம் அன்றாடம் மடங்கப்போகும் இடுப்பு. எதை எதனால் நிறுப்பது? பல இரவுகள் பேசினோம். ஒருவர் சரியென்றால் மற்றவர் தயங்கினார். தயங்கியவர் இசைந்தபோது முன்னவர் தயங்கினார்.

*

இந்நிலையில் ஒருநாள் பிற்பகல் அம்மா எங்களை அழைத்தார். ரவிக்கையின் தோள் அளவு ஒன்றைப் பார்ப்பதற்காக டப்பாவைக் கேட்டிருக்கிறார். வீட்டு வேலைக்கு வரும் பெண் எடுத்துக் கொடுத்திருக்கிறார். உள்ளே நூற்கண்டுகள் இருந்தன, நாடா இல்லை.

“என் நாடா எங்க?” என்றார்.

மறைக்க இயலவில்லை. நாடாவையும் நோட்டையும் அவர் முன் வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னோம். அவர் நோட்டைப் புரட்டினார். கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு, அங்குலங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

“இவ்வளவும் யாருக்கு?”

“உங்களுக்குத்தாம்மா.”

“ஆளை நிறுத்தாம அளவு எடுக்கிற தையல்காரியை நான் பாத்ததே இல்லையே” என்றார் அம்மா.

சினம் இல்லை அச்சொற்களில். ஆனால் எங்கள் இருவருக்கும் முகம் சுருங்கிற்று. இரண்டு மாதங்கள் தெருவை அளந்தோம், வாசலை அளந்தோம், ஐந்தாறு கார்களின் கதவுகளை அளந்தோம். அந்தக் காரில் அமரவேண்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்காகவே எல்லாம் செய்கிறோம் என்ற நிறைவே அவரைக் கேட்கவிடாமல் எங்கள் கண்ணை மறைத்திருந்தது. முதியோரைப் பேணும் வீடுகளில் இது அரிதான பிழையன்று. உணவில் உப்பைக் குறைக்கிறோம், அறையை மாற்றுகிறோம், உறங்கும் நேரத்தை வகுக்கிறோம். அனைத்தும் அன்பினாலேயே. கேட்பது மட்டும் விடுபட்டுப் போகின்றது.

மறுநாள் கடைக்குத் தொலைபேசியில் பேசினோம். விற்பனைப் பிரிவிலிருந்த இளம்பெண், “பாட்டியால வர முடியலன்னா பரவால்ல சார், வண்டியை நாங்க வீட்டுக்கே கொண்டு வர்றோம்” என்றார். சொன்னபடியே வந்தார். நாங்கள் வழக்கம்போலப் பின்கதவைத் திறந்து வைத்தோம். அம்மா ஊன்றுகோலுடன் வாசற்படியைக் கடந்து வந்து, காரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, முன்கதவின் அருகே நின்றார்.

“நான் முன்னாடி உக்காரட்டுமா? எனக்கு ரோட்டைப் பாக்கணும்.”

எங்கள் நோட்டிலிருந்த அங்குலங்கள் யாவும் பின்னிருக்கைக்கானவை. முன்னிருக்கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆயினும் அவர் சொன்னதே சரியான வழியாக இருந்தது. முன்னிருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளலாம். சாய்மானத்தைச் சிறிது சரிக்கலாம். காலை நீட்ட இடமுண்டு. பின்னுக்குத் தள்ளிய இருக்கை காற்றுப்பையிலிருந்தும் தள்ளியே இருக்கும். உடற்பயிற்சி மருத்துவர் கட்டிலில் கற்றுக்கொடுத்த அதே முறையில், இருக்கைக்கு முதுகைக் காட்டி நின்று, விளிம்பு காலில் படும்வரை பின்னால் நகர்ந்து, முதலில் அமர்ந்தார். பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பினார். இருக்கையில் விரித்திருந்த பழைய பட்டுத்துணி அவர் எளிதாகத் திரும்ப உதவிற்று. இருக்கை அவருடைய கட்டிலைவிட ஓரங்குலமே தாழ்ந்திருந்தது. முழங்கால் இடுப்பைவிட உயரவில்லை.

“நாடாவைக் குடு” என்றார். கொடுத்தோம். தம் இடுப்பிலிருந்து முழங்கால் வரை தாமே அளந்து பார்த்துவிட்டு, “சரியா இருக்கு” என்றார். மகளிடம் அன்றிரவு பேசினோம். நெடுஞ்சாலைக்கு இந்தக் காரைக் கொண்டுசெல்வதில்லை, நகருக்குள் மட்டும், பின்னிருக்கையில் இருப்பவரும் பட்டை அணிய வேண்டும் என்று மூவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அவள் கவலை முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். எங்கள் கவலையும் தீரவில்லை. நிறைவான கார் கிடைக்கும் என்று தேடத் தொடங்கினோம். போதுமான கார் கிடைத்தது. இன்னொரு வீட்டுக்கு, இன்னொரு தெருவுக்கு, வேறொரு கார் பொருந்தலாம்.

அக்டோபர் இறுதியில் கார் வீட்டுக்கு வந்தது. மழை ஓய்ந்திருந்த நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், காலைத் திருப்பலி முடிந்தபின், இராயபுரம் புறப்பட்டோம். காமராசர் சாலையில் அம்மா ஒன்றும் பேசவில்லை. மெட்ரோ பணிக்காக அடைத்திருந்த தகரத் தடுப்புகளையும், இராணி மேரி கல்லூரியையும், மாநிலக் கல்லூரியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். போர் நினைவுச் சின்னத்தைத் தாண்டும்போது, “இவ்வளவு தூரமா இது? முன்னெல்லாம் பஸ்ல சீக்கிரம் வந்துடுமே” என்றார். ராஜாஜி சாலையில் துறைமுக மதிலைக் கண்டதும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

சின்னம்மாவின் வீடு இருக்கும் சந்து ஒன்பதடி அகலம். நடுவில் முழங்கையைப்போல் மடங்கும். காரின் திரும்பும் ஆரம் 4.7 மீட்டர் என்று நோட்டில் எழுதியிருந்தோம். அந்த எண்ணின் பொருள் அன்றுதான் விளங்கிற்று. ஒரே ஒருமுறை பின்னுக்கு எடுத்துத் திருப்பியவுடன் கார் மடக்கைக் கடந்து, சின்னம்மாவின் வாசலுக்கே போய் நின்றது. அங்கிருந்த பெரியவர் ஒருவர், இந்தச் சந்துக்குள் கார் வந்து பார்த்ததில்லை என்றார்.

அப்போதுதான் நாங்கள் அளக்காமல் விட்ட மற்றொன்று கண்ணுக்குத் தெரிந்தது. சின்னம்மாவின் வீட்டுக்குச் செங்குத்தான ஐந்து படிகள். கைப்பிடி இல்லை. பதினான்கு மாதத்து மறதியில் அப்படிகள் எங்கள் நினைவிலிருந்தே நழுவியிருந்தன. அம்மாவால் ஏற முடியாது. காரை வாசல்வரை கொண்டுவந்தும் அவரை வீட்டுக்குள் கொண்டுசெல்ல இயலாமல் நாங்கள் திகைத்து நின்றோம்.

சின்னம்மா திகைக்கவில்லை. பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு ஐந்து படிகளையும் மெல்ல இறங்கி வந்தார். அம்மாவின் பக்கம் சுவரை ஒட்டியிருந்தது. ஆகவே ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவிட்டோம். சின்னம்மா ஸ்டீயரிங்கின் முன்னால் அமர்ந்தார். கதவைச் சாத்தினோம். பேரன் இரண்டு தம்ளர் காப்பி கொண்டுவந்து சன்னல் வழியாகக் கொடுத்தான்.

ஒரு மணி நேரம் இருவரும் அவ்வாறே அமர்ந்திருந்தார்கள். நாங்கள் படியில் உட்கார்ந்திருந்தோம். சைக்கிளில் வந்தவர்கள் காரைச் சற்று ஒதுங்கிக் கடந்து சென்றார்கள்; எவரும் முகம் சுளிக்கவில்லை. கண்ணாடிக்குப்பின் இரண்டு நரைத்த தலைகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருப்பது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. நான்கு மணித் தொலைபேசியில் தெருவுக்கே கேட்கும் குரல்கள், அன்று படிவரைகூட வந்து சேரவில்லை.

புறப்படும் நேரத்தில் கதவைத் திறந்தபோது, சின்னம்மா ஸ்டீயரிங்கின்மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டு, “அக்கா, அடுத்த வாரம் எங்க போலாம், சொல்லு” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா யோசித்துக்கொண்டிருந்தார். இம்முறை அவர் சொல்லும்வரை நாங்களும் காத்திருந்தோம்.